பத்து நிமிஷத்துல வந்துடறேன் மேடம்

டொக்.

மணி இரவு 2:40. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. பழைய குழாய் இல்லை, புதுசு. மாட்டி இன்றோடு நாலே நாள். "பத்து வருஷத்துக்குக் கவலையே வேணாம்" என்று கடைக்காரர் கையில் தட்டிக் கொடுத்த குழாய். பத்து வருஷம் என்று அவர் சொன்னது, பிளம்பர் அடுத்த முறை வருவதற்கு ஆகும் காலத்தை என்று இப்போதுதான் புரிகிறது.

பழைய குழாய் சொட்டிய மூன்று வாரமும் அந்த மனிதருக்கு நான் போன் செய்த எண்ணிக்கையில் கல்லூரிக் காலத்தில் யாருக்காவது செய்திருந்தால் கல்யாணமே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "பக்கத்துத் தெருவுலதான் மேடம் இருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடறேன்." பின்னாலேயே, தாம்பரம் போகும் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு அம்மா மைக்கில் சொல்கிறார். மடிப்பாக்கத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ரயில் ஓடுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சொட்டுதானே என்பவர்கள் ஒரு நாள் ராத்திரி அடியில் பக்கெட்டை வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன். நொடிக்கு ஒரு சொட்டு. பத்து மணிக்கு வைத்த பத்து லிட்டர் பக்கெட் காலை ஆறு மணிக்கு முக்கால்வாசி. அப்படியென்றால் ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல், முழுசாக ஒரு கேன். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அந்தக் கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற வெயில் இன்னும் என் பின்கழுத்தில் இருக்கிறது. தினமும் ஒரு கேனைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எப்படித் தூங்குவது?

அந்த மூன்று வாரத்துக்குள்தான் அப்பா போன் செய்தார். மாயவரத்திலிருந்து. "ஒரு வாஷருக்குப் போயி யாராவது ஆளைக் கூப்பிடுவாங்களாம்மா?" அவ்வளவுதான் கேட்டார். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் அப்பா பழைய ஹவாய் செருப்பை எடுப்பார். பேனா மூடியை ரப்பரில் அழுத்தி வட்டம் போடுவார், சவரம் செய்கிற பிளேடால் வெட்டுவார், நடுவில் ஆணியைச் சுட்டு ஓட்டை போடுவார். ரப்பர் கருகும் அந்த வாசனையோடு குழாய் நின்றுவிடும். எங்கள் கொல்லைக் குழாய்க்குள் என் நாலாம் வகுப்புச் செருப்பு ஆறு வருஷம் வேலை பார்த்தது. அந்தப் பரம்பரையில் வந்தவள், ரயில் சத்தத்தோடு பேசும் ஒருவருக்காகக் காத்திருப்பதா?

ரோஷம் வந்துவிட்டது. கடைக்குப் போய் ஐந்து ரூபாய்க்கு வாஷர் வாங்கிவந்து குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வாஷரே இல்லை. கால் சுற்று திருப்பினால் திறக்கிற குழாய் அது. உள்ளே இரண்டு செராமிக் தட்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமாம். போர்வெல் தண்ணீரின் உப்பும் மண் பொடியும் சேர்ந்து தட்டில் கீறல் விழுந்தால் முடிந்தது கதை, அந்தத் தட்டுகள் இருக்கும் காட்ரிட்ஜோடு மாற்ற வேண்டும். அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கு. தலையில் பல் பல்லாக இருக்கும் அந்தச் சாமானைக் கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு கம்பெனிக்கும் பல் வேறாம், இது வருவதில்லையாம், முழுக் குழாயே போட்டுவிடுங்கள் என்றார். "லாங் பாடியா, ஷார்ட் பாடியா?" விழித்தேன். "சார் வரலீங்களா மேடம்?"

சார் வந்திருந்தார். வெளியே வண்டியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் பாடி என்றதும் பாடி ஸ்ப்ரேயைத்தான் நினைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று. இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எங்கள் எட்டு வீட்டிலும் ஒருவர் தவறாமல் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கும் நேரம். மொட்டை மாடிக்குப் போனேன். எட்டு வால்வு. எது யாருக்கு என்று ஒன்றில்கூட எழுதவில்லை, எழுதினால் சாமி குத்தம் போல. ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, கீழே இருந்து கணவர் "இல்ல", "இல்ல", "இது இல்ல" என்று போனில் சொல்ல, ஐந்தாவதில் "ஆ, குறையுது" என்றார். அந்த வால்வு சுற்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து சுற்று. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. துரு தின்ற கேட் வால்வு அப்படித்தான் சுற்றுமாம், உள்ளே கதவு கழன்று தனியாகக் கிடக்குமாம். இதை எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, பிறகுதான் சொன்னார்கள்.

கீழே வந்தேன். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. "இன்னும் வருதே" என்றார் கணவர். "பைப்ல இருக்கற மிச்சம்" என்றேன். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் துண்டைச் சுற்றி, ஒரு காலை மேடைக்கு முட்டுக் கொடுத்து, ஆட்டுக்கல் நகர்த்துகிற மாதிரி ஒரு இழு. 'கறுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்பாவுக்கு வீடியோ கால் போடலாமா என்று யோசித்த நொடி, அது ஒன்றுதான் இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம். குழாயைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கம் மரையோடு துருப்பிடித்த வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுவர் பைப்பையும் குழாயையும் இணைக்கிற நிப்பிள் துண்டின் பாதி. மீதிப் பாதி சுவருக்குள்.

அப்புறம்தான் வந்தது தண்ணீர். 'மிச்சம்' என்று நான் சொன்ன அந்தத் தண்ணீர், எதிர் அலமாரியில் துவரம் பருப்பு டப்பாவை நேராகப் போய் அடித்தது. மூடி எங்கே பறந்தது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு கையாலும் பொத்தினேன், விரலிடுக்கு வழியாக மூன்று திசையில் பீய்ச்சியது, ஒன்று கணவரின் முகத்தில். அவர் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பட்டப்பகல். பன்னிரண்டு மணி. டார்ச்.

"கேரட்!" என்று கத்தினேன். ஏன் கேரட் தோன்றியது என்று கேட்காதீர்கள். முதல் கேரட் நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து உடைந்து வெளியே பாய்ந்தது. மூன்றாவது, நுனி மெலிந்த ஊட்டி கேரட், அதை ஓட்டையில் சொருகி, இஞ்சி இடிக்கிற குழவியால் நாலு தட்டு. நின்றது. முழுசாக இல்லை, சுற்றிலும் வியர்த்தது. ஆனால் நின்றது. அதற்குள் வாட்ச்மேன் அண்ணன் ஓடிப்போய் டேங்கின் மெயினையே மூடிவிட்டார். உடனே குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஆரம்பித்தது. "தண்ணி வரல." "எங்களுக்கும் வரல." "யார் மெயினை மூடினது?" மூன்றாம் மாடி மாமியிடமிருந்து ஒரு குரல் பதிவு, பின்னால் பக்கெட் உருளும் சத்தத்தோடு: "கண்ணுல சீயக்காய் இருக்குடிம்மா, சீக்கிரம்."

பிளம்பருக்கு போன் செய்தேன். "அண்ணா, பைப் உடைஞ்சுடுச்சு." ஏழு நிமிஷம். ஏழே நிமிஷத்தில் வாசலில் நிற்கிறார்! மூன்று வாரமாக ஓடிய ரயில் அன்றைக்கு ஓடவில்லை. ஐநூறு ரூபாய் வேலைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வர மூன்று வாரம், மூவாயிரம் ரூபாய் வேலைக்கு எங்கிருந்தாலும் ஏழு நிமிஷம்.

உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கேரட்டைப் பார்த்தார். முதலில் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வி, நாட்டில் எல்லாப் பிளம்பரும் தொழிலுக்கு வரும் அன்றே மனப்பாடம் செய்யும் கேள்வி: "யாரு சார் இதுல கை வெச்சது?" சாரிடம் கேட்கிறார். முழங்கை வரை நனைந்து, தலையில் பருப்பு ஒட்டி, ஸ்பேனரோடு நிற்கிறவள் நான். சார் டார்ச்சை அணைத்தார்.

அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய முக்கோண அரம் ஒன்றைச் சுவருக்குள் மாட்டியிருந்த பாதி நிப்பிளில் வைத்துத் தட்டி, அது பிடித்ததும் ஸ்பேனரால் திருப்பினார். முதல் முறை வழுக்கி டைல்ஸில் இறங்கியது. ஒரு டைல்ஸ் காலி. "இந்த டிசைன் இப்ப வர்றதில்ல மேடம்." வராது. நம் வீட்டில் உடைகிற டைல்ஸ் எந்த ஊரிலும் வராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை சிமெண்ட் பூசியிருக்கிறது.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாஷரோ காட்ரிட்ஜோ மாற்றுவது நம் கைவேலைதான், தண்ணீர் மட்டும் நிஜமாகவே நின்றிருந்தால். வால்வு சும்மா சுற்றினால் அங்கேயே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். இருபது வருஷத்துக் கட்டடம், இரும்பு பைப், முழுக் குழாயைச் சுவரிலிருந்து திருகி எடுக்க வேண்டும் என்றால் தொடவே கூடாது, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேனே ஐயா! மூன்று வாரம் கூப்பிட்டேனே!

புதுக் குழாயை மாட்டும்போது நான் ஒன்றுதான் சொன்னேன். "அண்ணா, கொஞ்சம் தண்ணிய திறந்துவிட்டு உள்ள இருக்கற துருவெல்லாம் போனதுக்கப்புறம் மாட்டுங்க, இல்லேன்னா மறுபடி தட்டு கீறிடும்." அவர் சாரைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் யூட்யூப் பாக்கறாங்க போல." டெஃப்லான் டேப்பைச் சுற்றினார், திருகினார், 2,850 வாங்கினார், கிளம்பினார். ஒரு சொட்டு திறந்துவிடவில்லை. அந்தத் துருதான் இப்போது உள்ளே உட்கார்ந்துகொண்டு டொக் என்கிறது.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தேன். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாராம். இந்த முறை பின்னால் கடல் சத்தம்.

இப்போது அப்பா சொல்லிக்கொடுத்தபடி குழாய் வாயில் பூக்கட்டுகிற நூலைக் கட்டி, முனையை சிங்க் ஓட்டைக்குள் விட்டிருக்கிறேன். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்குகிறது. ஒழுகல் நிற்கவில்லை, சத்தம் நின்றுவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். 2,850 ரூபாய், ஒரு டைல்ஸ், மூன்று கேரட், ஒரு கிலோ துவரம் பருப்பு, கடைசியில் வேலை செய்வது ஒரு முழ நூல்.

வீடே நிசப்தம். போய்ப் படுத்தேன். கண்ணை மூடியதும், தலைக்கு நேர் மேலே, 'கர்ர்ர்ர்' என்று ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். மணி மூன்று. எட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எட்டு வருஷமாக மூன்று மணிக்கு அந்த நாற்காலி எங்கோ போகிறது, திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. யாருங்க நீங்க? எங்கதான் இழுத்துட்டுப் போறீங்க?