சால்வையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தைக் கொடுங்கள்

விழா மேடையில் கிட்டாரும் பொன்னாடையுமாக நான் சிரிக்காமல் நிற்கும் அந்தப் புகைப்படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "கலைஞன் என்றால் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் அதன் கீழே எழுதியிருக்கிறார். அதை ஆமோதித்து வரிசையாக விருப்பக்குறி வேறு. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டதாக ஆகிவிடும்.

விழா எது, நடத்தியவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லப்போவதில்லை. கும்பகோணம் அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. நாளைக் காலையில் அதே காய்கறிக் கடையில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். நடந்தது இவ்வளவுதான். பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தார்கள். மைக்செட்டுக்குக் கொடுத்தார்கள், ஜெனரேட்டருக்குக் கொடுத்தார்கள். கேரளத்திலிருந்து வந்த செண்டை மேளத்துக்கு முன்பணமே போயிருந்தது. சாப்பாட்டுக் காண்டிராக்டர் மேடைக்குப் பின்னால், என் கண்ணெதிரே, நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கும் என்னோடு வாசித்த இரண்டு பையன்களுக்கும் ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு நினைவுப் பரிசு. என்னுடைய நினைவுப் பரிசில் பெயருக்குக் கீழே "கீபோர்டு கலைஞர்" என்று அச்சடித்திருந்தது. தோளில் கிட்டார் தொங்க நின்ற என் கையில் அதைத் திணித்தார்கள். அந்த நொடியில் எடுத்த படம் அது. சிரிப்பு வரவில்லை, பெரியவர் மன்னிக்க வேண்டும்.

வாசிப்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. பொன்னாடை கூலி ஆகாது. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் நிறையப் பேருக்கு இது புரியாததுபோலத் தெரிவதால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பொன்னாடையைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் கம்பி தர மாட்டார்கள். கிட்டாரில் ஆறு கம்பிகள். சுமாரான ஒரு செட் 500 ரூபாய்க்கு மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருக்கிறது. புதுக் கம்பி மாட்டிக் கொஞ்ச நாளிலேயே துரு பிடித்து விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, சித்திரை வெயிலில் வற்றுகிறது, கழுத்து வளைகிறது, கழுத்தில் பதித்திருக்கும் ஃபிரெட் கட்டைகள் தேய்கின்றன. அதைச் சரிபார்க்கத் தெரிந்த கையைத் தேடித் திருச்சிக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். பஸ் கண்டக்டர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிப்பாரா?

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. கம்பியில் கை, மைக்கில் உதடு. கிட்டார் ஓர் இணைப்பில், மைக் வேறோர் இணைப்பில் என்றால் உதட்டில் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்கும் அடித்தது. முதல் வரியிலேயே நான் தலையைப் பின்னுக்கு இழுத்ததைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் "ஸ்டைலைப் பார்" என்றார். காதில் விழுந்தது.

"ஒப்புக்கொண்டுதானே போனாய்?" என்று கேட்பவர்களுக்கு: முதல் முறை தொலைபேசியில் பேசியபோது ஒரு தொகை சொன்னார்கள். பெரிய தொகை இல்லை, ஆனாலும் தொகை. ஒரு வாரம் கழித்து அது "பெட்ரோல் செலவு" ஆனது. விழா அன்று "பார்த்துச் செய்கிறோம் தம்பி" ஆனது. பார்த்தார்கள். செய்தார்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த ஆட்சேபம். "தியாகராஜர் நிதி வேண்டாம் என்று சொன்ன மண் இது, இங்கே காசைப் பற்றிப் பேசலாமா?" திருவையாற்றுக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்குத் திருவையாற்றையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஐயா, அவர் வேண்டாம் என்றது அரண்மனைப் பொருளை. அதற்காகப் பட்டினி கிடந்தா கீர்த்தனை செய்தார்? உஞ்சவிருத்திக்குப் போனார். அவர் பாடிக்கொண்டு நடந்த தெருக்களில் சனங்கள் வாசலுக்கு வந்து அரிசி போட்டார்கள். யாரும் ஓடிவந்து சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை. எனக்கு அரிசி போடுங்கள், போதும். பொன்னி அரிசி என்றால் இன்னும் நல்லது.

இந்த மண் என்றால் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு, தலைக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கு. கூடவே நட்டுவம் செய்தவர்களுக்கு, குழல் ஊதியவர்களுக்கு, கொட்டியவர்களுக்கு, துணி தைத்தவர்களுக்கு, கணக்கெழுதியவர்களுக்கு என்று யார் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். தேவாரம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். கடவுளுக்கு முன்னால் தேவாரம் பாடியவர்களுக்கே அளந்துதான் கொடுத்தார்கள். "சுவாமிக்குத்தானே பாடுகிறாய், புண்ணியம் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நெல்லை அளக்கத் தெரிந்த ஊருக்கு இன்றைக்கு ஓர் உறையில் நான்கு நோட்டு வைக்கத் தெரியவில்லை.

"அதெல்லாம் நம் இசை. நீ வாசிப்பது வெள்ளைக்காரன் வாத்தியம்" என்று அடுத்த குரல் வரும். வந்துவிட்டது. நன்றியுரையில் அந்த மனிதர் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா? "நம் மண்ணின் இசையையும் கேட்டோம், கொஞ்சம் மேல்நாட்டுச் சத்தத்தையும் கேட்டோம்." கைதட்டல் வேறு.

சத்தம். சரி. அந்த மேடையில் அதற்கு முன்னால் பாடியவருக்குப் பக்கத்தில் வயலின் இருந்ததே, அது எந்த ஊர் மரத்தில் காய்த்தது? ஐரோப்பியர் கையிலிருந்த அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லப்படுபவர் பாலுசுவாமி தீட்சிதர், திருவாரூர்க் குடும்பம். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டையே அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு இருந்தது. கிளாரினெட், இன்றைய பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர்க் கச்சேரியில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனையும் செய்தவர்கள் இந்தக் காவிரிப் பக்கத்து மனிதர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அவர்களுக்கு இருந்த காது இப்போது நமக்கு இல்லை, அவ்வளவுதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் மட்டும் மண் கெட்டுவிடுமாம்.

இன்னொன்று சொல்கிறேன், இதைத்தான் யாரும் பேசவில்லை. அன்றைக்கு வாசலில் மாலை ஐந்து மணியிலிருந்து நாகஸ்வரம் வாசித்த அண்ணனுக்கும் பணம் தரவில்லை. "அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவருடையது நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாகஸ்வரம். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதே ஆட்கள் பெருமைப்பட்டுப் பதிவு போட்டார்கள். வாத்தியத்துக்குக் குறியீடு, வாசிப்பவருக்கு "அப்புறம்." ஆக, மண்ணின் இசை மேல்நாட்டு இசை என்ற பேச்செல்லாம் வெறும் சாக்கு. பணத்தை யாருக்குத் தராமல் விட்டாலும் அவர் சண்டைக்கு வரமாட்டார் என்று தெரிகிறதோ, அவருக்குத் தராமல் விடுகிறார்கள். பந்தல்காரர் வருவார். மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். நாங்கள் கலைஞர்கள், பல்லைக் காட்டிப் படத்துக்கு நிற்போம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தன் மதிப்புக்கு ஒரு பங்கம் என்றால் நாகஸ்வரத்தை உறையிலிருந்தே எடுக்கமாட்டார் என்று ஊரில் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "என்ன கம்பீரம்!" என்று உருகுகிறார்கள். செத்தவருக்குக் கம்பீரம், இருக்கிறவனுக்குத் திமிர்.

சின்னக் குழுக்கள், கையில் காசில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். முதலிலேயே சொல்லிவிட்டால் சும்மா வாசிப்பேன், வாசித்தும் இருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது நிதி திரட்ட எத்தனை இடத்தில் வாசித்தோம், யாராவது உறை கேட்டோமா? இந்த விழாவில் முன்பணம் கொடுத்து வரவழைத்த செண்டை மேளம் இருந்தது. போதும், விடுங்கள்.

நான் மெல்லிசைக் குழுவில் இருந்து வந்தவன். மாரியம்மன் கோயில் திருவிழாக்கள், ஊர் ஊராக வேன், பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தூக்கம். மாயவரத்துக்காரர் ஒருவர்தான் குழுத்தலைவர். அவருக்கும் கடன், வீட்டிலும் ஆயிரம் பிரச்சினை. ஆனால் கச்சேரி முடிந்து, விடியற்காலையில் ஒயரெல்லாம் சுருட்டி ஏற்றிய பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வேனைக் கிளப்பச் சொல்வார். கோயில் கமிட்டி பாக்கி வைத்த அன்றும் கொடுத்தார். கடைசி ஆளாகத்தான் தன் பங்கை எடுப்பார், பல நாள் அதில் எதுவும் மிஞ்சியிருக்காது. தன்னைக் கலைக்காவலர் என்று அவர் எந்த மேடையிலும் சொல்லிக்கொண்டதில்லை.

அங்கிருந்து விலகி வந்தது சொந்தப் பாட்டு எழுதத்தான். ஜூன் 12-இல் மேட்டூரில் மதகு திறந்தது என்று செய்தித்தாளில் படம் வருகிறது, தண்ணீர் கடைசியாக வந்து சேர வேண்டிய கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு பாட்டு. அரசலாற்று மணலைப் பற்றி ஒரு பாட்டு. பகலில் மோட்டார் சத்தமும் ஆட்டோ விளம்பரமும் இருப்பதால் இரவில்தான் ஒலிப்பதிவு. தமிழில் ராக், அதுவும் டெல்டாவைப் பற்றி. உலகம் முழுவதும் புழங்கும் ஒரு பெரிய இசைச் செயலியில், 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு பைசா கிடையாது. என் பாட்டுகள் பலவற்றின் நிலை உங்களுக்குத் தெரியும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, படத்தில் வரும் பாட்டானாலும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்று நாடாளுமன்றமே சொன்னது. படமே இல்லாமல் பாட்டு எழுதுகிறவனுக்கு? அவனிடம் "நடுவில் ஒரு சினிமா பாட்டு போடுங்கள் தம்பி, கூட்டம் கலைகிறது" என்று சீட்டு வரும். அன்றைக்கும் வந்தது. கடைமடைப் பாட்டின் பாதியில் வந்தது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் நிலம் உள்ளவர்கள்.

இதுதான் உண்மையில் வலித்தது என்று நினைக்கிறேன். காசு கூட இரண்டாவதுதான். இல்லை, காசுதான் முதல். பேச்சை மாற்றிவிடாதீர்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு? கிட்டார் சொல்லித் தருகிறேன். "வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கிறாயே, பிறகென்ன?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஆமாம், சம்பாதிக்கிறேன். சின்னக் கைகளுக்கு நைலான் கம்பி மாட்டிக் கொடுத்து, விரல் நுனி காய்த்துப்போகும் வரை அழுகையைச் சமாளித்து, எஃப் கார்ட் பிடிக்க ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைக்கச் சொல்லித் தருகிறேன். பெற்றோர் முதல் நாளே கேட்பது, "எத்தனை மாதத்தில் சான்றிதழ் வரும்?" லண்டன் இசைத் தேர்வுக்கு எட்டு கிரேடு இருக்கிறது, ஒவ்வொன்றாக ஏறலாம் என்கிறேன். "பள்ளி ஆண்டு விழாவுக்குள் ஒரு சினிமா பாட்டு?" என்கிறார்கள். பிள்ளை கொஞ்சம் தேறி, தானாக ஒரு மெட்டுப் போடத் தொடங்கும்போது பத்தாம் வகுப்பு வந்துவிடும். "பொதுத்தேர்வு முடிந்ததும் அனுப்புகிறோம் சார்." யாரும் அனுப்பியதில்லை. பாபநாசத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். என்னைவிட நல்ல காது அவளுக்கு. கிட்டார் இப்போது பரண்மேல் இருக்கிறது என்று அவளுடைய அம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

ஏன் அனுப்புவார்கள்? மேடையில் வாத்தியாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர்களும்தான் பார்க்கிறார்கள். என் சித்தி ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார், "இன்னும் கிட்டார்தானா?" என்று. அன்றைக்கு என்னோடு வாசித்த பையன்களில் ஒருவனுடைய அப்பா கூட்டத்தில் இருந்தார். மகன் தோளில் பொன்னாடை விழுந்ததைப் பார்த்தார், உறை வராததையும் பார்த்தார். இந்த வாரம் அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை. விழாக்குழுவினர் இளைஞர்களை ஊக்குவித்த அழகு இது.

இப்படி எழுதினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அக்கறையாக எச்சரிக்கும் நண்பர்களுக்கு: கூப்பிட்டபோது கிடைத்தது என்ன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். பையன்கள் இருவருக்கும் என் பையிலிருந்துதான் கொடுத்தேன்.

இனிமேல் பாதித் தொகை முன்பணம், மீதி மேடை ஏறுவதற்கு முன். எர்த் சரியாக இருக்கிறதா என்று நானே பார்த்த பிறகுதான் ஒயரைச் செருகுவேன். சொந்தப் பாட்டுகள் இருக்கும். நாகஸ்வரக்காரருக்குப் பாக்கி வைத்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள். அந்தப் படத்தில் என் பெயரை இணைத்திருப்பவர்கள் நீக்கிவிடவும்.

சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல உண்டு. போன மாதக் கட்டணம் பாக்கி வைத்துக்கொண்டே அந்தப் படத்துக்குக் கீழே இதயம் போட்ட பெற்றோர்கள் கொஞ்சம் முன்னதாகவே வரவும்.