900 ஃபில் பவர் என்றால் அதிகச் சூடு என்று அர்த்தமில்லை
குளிருக்கான ஸ்லீப்பிங் பேக்கை (உள்ளே நுழைந்து தூங்கும் பை) நாமே தைப்பது பற்றி ஒருவர் "900 ஃபில் பவர் வாத்துத் தூவி வாங்கிவிட்டால் போதும், 650-ஐ விடக் கண்டிப்பாகச் சூடாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி ஸ்லீப்பிங் பேக் தைத்துக்கொண்டு பனிமலைக்குப் போய்விடாதீர்கள். தூவி என்பது வாத்தின் இறகுகளுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்மையான உள்ளிறகு. ஃபில் பவர் என்ற அந்த எண் சூட்டின் அளவே இல்லை. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி உப்பி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதுதான். குளிரைத் தடுப்பது தூவிக்குள் அசையாமல் நிற்கும் காற்று, அதனால் உப்பிய தடிமன்தான் கணக்கு. 400 கிராம் 900 தூவி தரும் தடிமனை 650 தூவியிலும் பெறலாம், சுமார் 550 கிராம் போட வேண்டும், அவ்வளவுதான். முதுகில் சுமந்து நடப்பவருக்கு அந்த எடை வித்தியாசம் பெரிது. வீட்டுக் கட்டிலுக்கு 650 தாராளம்.

அப்புறம், அதே ஆள் பையின் மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்து நேராகத் தைத்துவிடச் சொல்கிறார், கடுங்குளிருக்கு அது சரிப்படாது. தையல் ஓடும் இடமெல்லாம் தூவியே இருக்காது, குளிர் அங்கேதான் நுழையும். நடுவில் மெல்லிய வலைத்துணிப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி அறை அறையாகத் தையுங்கள். துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும், சாதாரணப் பருத்தியில் தூவி கசிந்துகொண்டே இருக்கும்.