நாய் மருந்தில் பாதி, பூனைக்குப் போதுமா?

“பூனை மருந்து போட விடலையா? நாய்க்கு விடுற உண்ணிச் சொட்டுல பாதியை முதுகுல விட்டாப் போதும், காசும் மிச்சம்.” கோபிசெட்டிபாளையம், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி சுற்றுகிறது. தப்புங்க. பாதி அளவே பூனையைக் கொல்லலாம்.

நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் என்ற ரசாயனம் உண்டு. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலால் அது சரிவர முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போகும். பெர்மெத்ரின் உள்ள மருந்தின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பூனைக்குக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். சந்தேகமென்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அலசி, துவட்டி, மருந்துப் பெட்டியோடு உடனே டாக்டரிடம் போங்கள். நடுக்கம் தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பிராண்டுகிற பூனைக்கு வழி இருக்கிறது. தின்றுவிட்டுத் தூங்கி வழியும் நேரம் பாருங்கள். பழைய துண்டில் தலை மட்டும் தெரியச் சுற்றி, பிடரியில் முடியை விலக்கி, தோலின் மேல் விடுங்கள். அங்கே அதன் நாக்கு எட்டாது. மருந்து பூனைக்கென்றே விற்பதாக, அதன் எடைக்கு ஏற்றதாக இருக்கணும். (எங்கள் வீட்டில் துண்டைப் பார்த்ததுமே பரண் ஏறிவிடும், அதனால் துண்டை முதல் நாளே அது படுக்கும் இடத்தில் போட்டுவைப்போம்.)

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்க.