டயரைப் பெருசாக்கினது ஒருத்தரு, கிளட்சுக்குக் காசு கட்டுறது இன்னொருத்தனா?

ரெண்டு நாளா அந்த வீடியோவ எனக்கே பத்து பதினஞ்சு பேரு அனுப்பிட்டாங்க. மூட்டை ஏத்துன பிக்கப்பு வண்டி ஈரக் கரைல ஏற முடியாம தெணறுது, கிளட்ச் கருகி அடியிலேர்ந்து பொகை. எல்லாரும் பாத்துட்டீங்க, திரும்பச் சொல்லல. கீழ எழுதியிருக்கீங்களே, "பயலுக்கு ஓட்டத் தெரியல", "கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறான்"னு, அதுக்குத்தான் இந்தப் பதிவு. அந்த வண்டிய ஓட்டுன பய என் அக்கா மகன். அதனாலதான் பேசுறேன்னு சொல்லுவீங்க. ஆமா, அதனாலயும்தான். ஆனா அந்த வண்டியோட கணக்கு எனக்குத் தெரியும், அதனாலயும்தான்.

அந்த வண்டில வந்தது 235/75 R15 டயரு. உயரம் 733 மில்லி. ஓனரு போன மாசம் மாட்டினது 31 இஞ்ச் டயரு, 787 மில்லி. பாக்க கம்பீரமாத்தான் இருக்கு, சேத்துல அடி இடிக்காது, அதெல்லாம் சரி. ஆனா ஒரு கிலோமீட்டருக்கு 434 சுத்து சுத்துன சக்கரம் இப்ப 404 சுத்துதான் சுத்தும். அதாவது எந்த கியர்ல போட்டாலும் கியரு 7 சதவீதம் கனத்துப் போச்சு. ஃபர்ஸ்ட் கியரு பழைய ஃபர்ஸ்ட் கியரே இல்ல. காலி வண்டில தெரியாதுங்க. 40 கிலோ மூட்டை 30 ஏத்தி, ஈரக் கரைல நின்ன எடத்துலேர்ந்து ஏத்தணும்னா, எஞ்சின் அமராம இருக்க அவன் அரை கிளட்ச்ல புடிச்சுத்தான் ஆகணும். புடிச்சா பிளேட்டு சூடாவும், கருகும். வேற யாரு ஓட்டியிருந்தாலும் இதுதான். டயரப் பெருசாக்கினா கிரவுன் பினியன, அதான் பின் அச்சுக்குள்ள சக்கரத்தச் சுத்த வைக்கிற பல்லுச்சக்கர ஜோடிய, மாத்தணும். அத மாத்தல. அவ்ளோதான் விசயம்.

மாத்துறதுன்னா என்னான்னு கேக்குறவங்களுக்கு: கிரவுன்ல 41 பல்லு, பினியன்ல 10 பல்லுன்னா ரேஷியோ 4.10, அதாவது பினியன் 4.10 சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து. டயரு ஏறுன அதே அளவு இதுவும் ஏறணும், 4.40 கிட்ட வரணும். சரியா 4.40ன்னே கிடைக்கிறது கஷ்டம். 43க்கு 10ன்னா 4.30, 41க்கு 9ன்னா 4.56. லோடு அடிக்கிற வண்டிக்கு நான் 4.56 பக்கம்தான் போவேன். உங்க வண்டி அச்சுக் கூட்டுக்குப் பொருந்துற ஜோடியே கிடைக்கலையா, பெரிய டயர மாட்டாதீங்க.

எங்கப்பா ஏழாவதோட நின்னவரு. சைக்கிள்ல நெல்லு மூட்டைய வச்சு மில்லுக்கு மிதிச்சவரு. பின்சக்கரத்துல 18 பல்லு ஃப்ரீவீல கழட்டிட்டு 20 பல்லு போட்டுக்கிட்டாரு, "வேகம் கொறையும், முழங்கா பொழைக்கும்"னாரு. இது அதே கணக்குதான்.

நானும் பட்டவன்தான். 2018 நவம்பர்ல கஜா அடிச்சுட்டுப் போன பிற்பாடு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் விழுந்து கெடந்த தென்னைய ஏத்த என் வண்டிக்குப் பெரிய டயரு போட்டேன். டயர் கடைல ஒரு வார்த்தை சொல்லல. நாலு மாசத்துல ரெண்டு கிளட்ச் பிளேட்டு. என் காலுலதான் கோளாறுன்னு நெனச்சு எத்தன ராத்திரி முழிச்சுக் கெடந்திருக்கேன். கடைசில மன்னார்குடில வயசான மெக்கானிக் ஒருத்தரு பின்சக்கரம் ரெண்டையும் தூக்கி, நியூட்ரல்ல போட்டு, சாக்பீஸால கோடு இழுத்து, ரெண்டு சக்கரத்தையும் சேந்தாப்ல ஒரு சுத்து சுத்த வச்சாரு. கியர் பாக்ஸ்லேர்ந்து பின் அச்சுக்கு வர்ற தண்டு, புரொபெல்லர் ஷாஃப்ட்டு, நாலு சுத்தும் கொஞ்சமும் சுத்துச்சு, அதான் ரேஷியோ. "ஒன் காலு நல்லாத்தான் இருக்கு தம்பி, இதுதான் பத்தல"ன்னாரு. அந்த வார்த்தைய அந்தப் பயலுக்கு சொல்ல ஒருத்தரு இல்லையே இங்க?

செலவாவும்ங்கறீங்க. ஆவும். கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் வாங்கணும், ஷிம்முங்கற மெல்லிசு தகடு வச்சு பல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளிய சரி பாக்கணும், பல்லுல மை தடவி எங்க படியுதுன்னு பாக்கணும், தெரியாதவன் கைல குடுத்தா ஊளைச்சத்தம்தான் வரும். புது செட்டு போட்டா கொஞ்ச நாளைக்கு லோடு அடிக்காம மெதுவா ஓட்டி ஆயில மாத்தணும். ஃபோர் வீல்னா முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோ வரணும், செலவு ரெண்டு மடங்கு. எல்லாம் ஒத்துக்கறேன். டயருக்கு காசு இருந்துச்சுல்ல?

சட்டம் பேசுறவங்களும் வந்துட்டீங்க. கம்பெனி அமைப்ப மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவ வச்சு 2019 ஜனவரில உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கும் தெரியும். அப்ப அந்த டயர மாட்டின அன்னைக்கே ஓனருகிட்ட சொல்லியிருக்கணும். அன்னைக்கு அந்த வண்டி முன்னாடி நின்னு போட்டோ எடுத்தீங்க.

"கிரவுன் பினியன மாத்துனா மைலேஜ் கொறையும்"னு ஒருத்தரு. ஏங்க, பெரிய டயருல மீட்டரே தப்பா காட்டும், 60 காட்டுறப்ப வண்டி 64ல போவும். அந்த மீட்டர வச்சு மைலேஜ் கணக்குப் போட்டு என்ன ஆவப்போவுது.

எனக்கு ஆத்தாமை மைலேஜ்ல இல்ல. கிளட்சு செலவ அந்தப் பய சம்பளத்துல புடிப்பேங்கறாரு ஓனரு. மாசாமாசம். குறுவை அறுப்புல ராத்திரி ரெண்டு மணிக்கு நெல்ல ஏத்திக்கிட்டு வந்து கொள்முதல் நிலையத்துல மழைல தார்ப்பாய் புடிச்சுக்கிட்டு நின்னவன் அவன். வண்டி ஏறலைன்னா டிரைவரு, கவுந்தா டிரைவரு, டயரு தேஞ்சாலும் டிரைவரு. நல்லா ஓடுனா மட்டும் ஓனரு வண்டி.

நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு அந்த வண்டிய மெக்கானிக் ஷெட்டுல தூக்கப் போறோம், ஓனரும் வர்றேன்னுருக்காரு. வீடியோவுக்குக் கீழ எழுதினவங்க வாங்க, சாக்பீஸு நான் கொண்டாறேன், நீங்களே எண்ணுங்க. வர முடியாதவங்க அவனுக்கு ஒரு போன் போடுங்க. ரெண்டு நாளா சரியா சாப்புடல அவன்.