பிட்சிங் மேடையில் யாரும் செக் எழுதுவதில்லை

ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவில் நடக்கும் ஃபோரத்தில் மேடையேறி, படத்தைப் பற்றிப் பேசி நிதி கேட்டால் (இதைத்தான் பிட்சிங் என்கிறார்கள்) அங்கேயே பணம் வந்துவிடும், நம்ம மதுரை ஆவணப்பட விழாவிலும் அதே ஏற்பாடு உண்டு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

'மறுபக்கம்' என்ற அமைப்பு 1998 முதல் நடத்திவரும் மதுரை விழா, முடிந்த படங்களைத் திரையிடும் விழா. ஃபோரம் என்பது முடியாத படங்களுக்கான சந்தை. சில நிமிடம் பேசி, சின்ன டிரெய்லர் காட்டினால், எதிரே இருக்கும், தொலைக்காட்சிகளுக்குப் படங்களைத் தேர்வுசெய்யும் ஆசிரியர்களும் நிதியமைப்பினரும் கருத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் தனித்தனிச் சந்திப்புகள், மின்னஞ்சல்கள், மாதக்கணக்கில் காத்திருப்பு. "ரொம்ப நல்ல கதை" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்களும் உண்டு (சுங்குடிச் சாயக்காரர்கள் பற்றிய என் படத்துக்கு அப்படி மூன்று பேர்!).

இன்னொன்று, வெறுங்கையோடு போகக்கூடாது. பட்ஜெட்டில் ஒரு பகுதியை ஏற்கெனவே திரட்டிவிட்டீர்களா என்றுதான் பல இடங்களில் முதலில் கேட்பார்கள். படங்களுக்கு உதவித்தொகை தரும் இட்ஃபா பெர்த்தா நிதி வேறு கதை. ஆசியப் படங்களும் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். ஆம்ஸ்டர்டாமுக்கு டிக்கெட் போடுவதற்கு முன், கொல்கத்தாவின் டாக்எட்ஜ் (ஆவணப்பட பிட்சிங் நிகழ்ச்சி), கோவாவின் பிலிம் பஜார் (திரைப்படச் சந்தை) இரண்டின் விதிமுறைகளையும் படித்துப் பாருங்கள். மதுரையிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்.