மாலென்கோவ் சிறைமுகாமில் இறக்கவில்லை

சோவியத் தலைவர்களில் ஒருவரான மாலென்கோவ், ஸ்டாலினுக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளராகி, 1957இல் கைதாகி, சைபீரியச் சிறைமுகாமில் இறந்தார் என்று ஒரு கூற்று உண்டு. இதில் ஆண்டு மட்டுமே சரி. 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்ததும் அவருக்குக் கிடைத்தது அமைச்சரவைத் தலைவர் பதவி, அதாவது பிரதமர் பதவி. கட்சிச் செயலகத்திலிருந்து சில நாள்களிலேயே அவர் விலக நேர்ந்தது, செப்டம்பரில் அவருடைய போட்டியாளர் குருஷ்சேவ் கட்சியின் முதன்மைச் செயலாளரானார். வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். 1955 பிப்ரவரியில் பிரதமர் பதவியும் போயிற்று. 1957 ஜூனில் மூத்த தலைவர்களான மோலோடோவ், ககனோவிச் ஆகியோருடன் சேர்ந்து, கட்சியின் சிறிய தலைமைக்குழுவில் பெரும்பான்மை திரட்டி குருஷ்சேவை இறக்க முயன்றபோது, அதைவிடப் பெரிய மத்தியக் குழுவே முடிவெடுக்க வேண்டும் என்று குருஷ்சேவ் விடாப்பிடியாக நின்றார். பாதுகாப்பு அமைச்சர் ஜுக்கோவ் ராணுவ விமானங்களில் மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்கு வரவழைக்க, கணக்கு தலைகீழானது. ஆனால் கைது எதுவும் நடக்கவில்லை. கஜகஸ்தானில் உஸ்த்-காமெனோகோர்ஸ்க் நீர்மின் நிலையத்துக்கும், பின்னர் எகிபாஸ்தூஸ் அனல்மின் நிலையத்துக்கும் நிர்வாகியாக மாலென்கோவ் அனுப்பப்பட்டார் (அதுவும் தண்டனைதான், மறுக்கவில்லை). 1961இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட அவர், பின்னாளில் மாஸ்கோ திரும்பி, 1988 ஜனவரியில் 86 வயதில் அங்கேயே காலமானார். பதவிப் போட்டியில் தோற்றுச் சுட்டுக்கொல்லப்பட்டவர் ஸ்டாலின் கால ரகசியக் காவல்துறைத் தலைவர் பெரியா. அது 1953 டிசம்பரில் நடந்தது.