பாட்டிலைப் பிடித்தவர்கள்

"மக்களையும் ஆய்வில் ஈடுபடுத்தினோம்" என்ற வரியை அறிக்கைகளில் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பெரும்பாலும் அந்த மக்கள் செய்தது இரத்தம் கொடுக்கக் கையை நீட்டியதும் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும்தான். முடிவு ஆய்விதழுக்குப் போகும், வீட்டுக்கு வராது. கேட்டால், "வீணாகப் பயந்துவிடுவார்கள்" என்பார்கள். என் பிள்ளையின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து நான் பயந்தால் இவர்களுக்கு என்ன?

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் நடந்தது வேறு. 2014 ஏப்ரலில் அங்கே ஆற்றுநீருக்கு மாறினார்கள். குழாய்களைத் தண்ணீர் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களின் ஈயம் குடிநீரில் இறங்கியது. புகார்களுக்குக் கிடைத்த பதில், தண்ணீர் பாதுகாப்பானது என்பதே. லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழுவோடு கைகோத்தார். 2015-இல் 300 சோதனைப் பெட்டிகள் ஊருக்குள் போயின. 250-க்கும் மேல் நிரம்பித் திரும்பின.

பெட்டிக்கு மூன்று பாட்டில்கள். ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் தொடக் கூடாது. பிறகு வரும் முதல் ஒரு லிட்டர் முதல் பாட்டிலில். 45 விநாடி ஓடவிட்டு அடுத்தது, இரண்டு நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது. அதிகாரிகளின் சோதனையிலோ முந்தைய இரவே குழாயைத் திறந்து ஓடவிடச் சொல்லியிருந்தார்கள். இரவே கழுவி அனுப்பிவிட்டுக் காலையில் தேடினால் ஈயம் எப்படி அகப்படும்?

பத்தில் ஒரு வீட்டில் ஈயம் லிட்டருக்கு 25 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. அரசு நடவடிக்கை எடுப்பதற்கான வரம்பு அப்போது 15. அக்டோபரில் நகரம் பழைய நீருக்கே திரும்பியது.

பயிற்சியில்லாதவர்கள் எடுத்த மாதிரியை நம்பலாமா என்று கேட்கிறார்கள். 300 வீட்டு அடுப்படியிலும் விடிய விடியக் குழாய்க்குக் காவல் இருக்க எந்த விஞ்ஞானியால் முடியும்? பார்ப்பதிலும் மக்கள்தான் முந்துகிறார்கள். ஜப்பானில் பாதரச நஞ்சால் வந்த மினமாட்டா நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவாகும் முன்பே, பூனைகள் வெறிபிடித்தாற்போல் துள்ளிச் சாவதை அங்கிருந்த மீனவர்கள் கண்டிருந்தார்கள்.

ஃபிளிண்டைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. 2018-இல் அவ்வூர்க்காரர்கள் பலர் எட்வர்ட்ஸின் போக்கைக் கண்டித்து அறிவியல் சமூகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டார். மறு ஆண்டே அது தள்ளுபடியானது. பாட்டிலை ஒன்றாகப் பிடித்தவர்கள் கடைசியில் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.